பிள்ளைகளுக்குப் பொங்கல், எனக்குப் பழையது

சேரன்மகாதேவி,
வெள்ளிக்கிழமை.

என்மேல் என்றும் மாறாத அன்பு வைத்திருக்கும் மதிப்புக்குரிய மச்சான் மாடக்கண்ணு அவர்களுக்கு, உங்கள் தங்கை முத்துராணியைக் கட்டிய மகாராஜா பணிவுடன் எழுதிக்கொள்வது. பாளையங்கோட்டையில் நீங்களும் தனலட்சுமி அக்காவும் மருமக்களும் சுகம்தானே? இங்கே முத்துராணி சுகம். பிள்ளைகள் இருவரும் சுகம். நான் மட்டும்தான் சரியில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்றால், என்னிடம் இருந்த நல்ல போனை உங்கள் தங்கை வாங்கிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் ஆக்கியதைத் தினமும் படம் எடுத்து அனுப்ப வேண்டுமாம். எனக்கு வாய்த்தது அவளுடைய பழைய பட்டன் போன். அதில் ரகசியம் பேசினால் தெரு முழுக்கக் கேட்கும்.

பள்ளிக்கூடத்துக் காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிற வேலை மகளிர் குழுவில் எத்தனையோ பேர் கேட்டும் முத்துராணிக்குத்தான் கிடைத்தது என்பது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தவன் நான்தான். அதோடு எனக்கு வாய்க்கு ருசியாக ஏதாவது கிடைப்பது நின்றுபோகும் என்று யார் கண்டது? விடியும் முன்னே எழுந்துவிடுவாள். நான் உங்கள் வீட்டுச் சீராக வந்த பத்தமடைப் பாயில் கண் விழித்துப் பார்க்கும்போது அவள் தலையில் ஒரு தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு உப்புமாவும் சாம்பாரும், செவ்வாய்க்கிழமை காய்கறி போட்ட கிச்சடி, புதன்கிழமை மிளகு தட்டிப்போட்ட பொங்கல். எனக்கு அத்தனை நாளும் பழையது. தொட்டுக்கொள்ள மட்டும் மாறி மாறி வரும், ஒருநாள் வெங்காயம், மறுநாள் மோர் மிளகாய். பஞ்சர் கடை வைத்திருக்கிறவன் பகல் முழுக்கக் குனிந்தே வேலை செய்கிறவன், காலையில் நீராகாரம் குடித்துவிட்டுக் குனிந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எனக்கு ஒரு கேள்வி மச்சான். பள்ளிக்கூடம் என்றால் பாடம் சொல்லித் தருவார்கள், இரண்டு அடி போடுவார்கள், வீட்டுக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதானே? இப்போது பை கொடுக்கிறார்கள், காலணி கொடுக்கிறார்கள், கலர் பென்சில் கொடுக்கிறார்கள், போதாதென்று சூடாகச் சாப்பாடும் போடுகிறார்கள். வாத்தியார் சம்பளத்தோடு அரசாங்கம் நிறுத்திக்கொள்ளக் கூடாதா என்று முத்துராணியிடம் கேட்டேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "பெரிய பிள்ளைகளுக்கு கவர்மெண்டு சைக்கிள் கொடுக்குதே, அதுக்குப் பஞ்சர் ஒட்டித்தான நாம சோறு திங்கோம்? அப்ப மட்டும் வாயத் தொறக்கலையே?" என்றாள். அந்த சைக்கிள்கள் இல்லாவிட்டால் கடையில் நான் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் சைக்கிள் வேறு, பொங்கல் வேறு.

சரி, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வீட்டிலும் அந்தப் பொங்கலை வை என்று கெஞ்சினேன். "ஞாயித்துக்கெழம ஒருநாளாவது இந்தக் கை கரண்டி பிடிக்காம இருக்கட்டும், கடையில இட்லி வாங்கிட்டு வாங்க" என்று படுத்துவிட்டாள். பிறகு நாலாம் வகுப்புப் படிக்கும் நம் சித்ரலேகாவிடம் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, அப்பாவுக்குக் கொஞ்சம் எடுத்துவா தாயி என்று அனுப்பினேன். டப்பா கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. "வெளிய கொண்டு போகக்கூடாதுன்னு டீச்சர் சொன்னாவப்பா, அதான் ஒங்க பங்கையும் நானே சாப்ட்டுட்டேன்" என்கிறாள். ஏப்பம் வேறு விட்டாள்.

நேற்று முன்தினம் கடையைத் திறக்காமல் நேராகப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவரோரம் போய் நின்று எட்டிப் பார்த்தேன். நீங்கள் என்னைக் கேவலமாக நினைத்தாலும் பரவாயில்லை. இஞ்சியும் மிளகும் சேர்ந்த வாசம் ரோடு வரைக்கும் வருகிறது. உங்கள் தங்கை ஒரு பொடியனிடம் குனிந்து, "இன்னும் ஒரு கரண்டி வச்சுக்க ராசா, பைய தின்னு" என்கிறாள். கட்டிய நாளிலிருந்து என்னை அவள் ராசா என்று கூப்பிட்டதில்லை. பெற்றவர்கள் பெயராகவே வைத்துவிட்ட பிறகும் அவளுக்கு அது வாயில் வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு பவுல்ராஜ் மகள் பியூலா, மூக்கு ஒழுகிக்கொண்டு சுவர்ப் பக்கம் வந்தவள், என்னைப் பார்த்துவிட்டு, "மாமா, அத்தை பொங்கல்னா பொங்கல்தான். நீங்க குடுத்து வச்சவிய, வீட்லயே தெனமும் திங்கலாம்" என்றாள். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சொந்தப் பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால்தான் தாய்க்கு அங்கே சமைக்கிற வேலை. பிள்ளை போய்விட்டால் வேலையும் போய்விடும். எனவே நீங்கள் கிளார்க்காக இருக்கும் இங்கிலீஷ் பள்ளியில் சித்ரலேகாவுக்கு ஒரு சீட் எப்படியாவது வாங்கிவிடுங்கள். உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கட்டும். இங்கிலீஷ் படிப்பின் அருமையை முத்துராணிக்கு நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும், நான் சொன்னால் என் வயிறுதான் பேசுகிறது என்பாள். செவ்வாய்க்கிழமை காலை நானே போய் டி.சி. கேட்கப்போகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

தனலட்சுமி அக்காவுக்கு என் வணக்கம். மருமக்கள் எல்லா வளமும் பெற்று, காலையில் சூடாகச் சாப்பிட்டு நீடூழி வாழ மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மைத்துனன்,
ம. மகாராஜா

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து கடிதம் சட்டைப்பையிலேயே கிடந்துவிட்டது. இன்று செவ்வாய்க்கிழமை. டி.சி. கேட்கப் போனேன். பிள்ளைகளுக்கு வைக்கும் முன் பெரியவர் ஒருவர் ருசி பார்க்க வேண்டுமாம். இன்று பெற்றோர் முறை, வரவேண்டிய பவுல்ராஜ் வரவில்லை. நான் வாயைத் திறக்கும் முன்னே தலைமையாசிரியை ஜெபராணி டீச்சர், "நல்ல வேள, வந்திய. ஒக்காருங்க" என்று தட்டை நீட்டிவிட்டார். முத்துராணி என் முகத்தைப் பார்க்காமல் ஒரு கரண்டி கிச்சடி வைத்தாள். "எப்படி இருக்கு? நீங்க சொன்னாத்தான் பிள்ளைகளுக்கு வைக்கணும்" என்றார் டீச்சர். பிள்ளைகள் எல்லாம் தட்டோடு என்னைப் பார்க்கிறார்கள். உப்பு கூடிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு நிமிஷம் மனசில் வந்தது. நிமிர்ந்தேன். முத்துராணி கரண்டியை இறுகப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணவறையில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "இன்னொரு கரண்டி வச்சாத்தான் சொல்ல முடியும்" என்றேன். அதற்கு மேலும் ஒன்று கேட்டபோது பியூலா, "மாமா, எல்லாத்தையும் நீங்களே தின்னுட்டா நாங்க எதத் திங்க?" என்றாள். நல்லாருக்கு என்று சொல்லிவிட்டேன். நல்லாத்தான் இருந்தது. எதற்கு வந்தீர்கள் என்று டீச்சர் பிறகு கேட்டபோது, இதற்குத்தான் என்றேன்.

ஆகவே சீட் வேண்டாம். பவுல்ராஜின் முறை வரும்போதெல்லாம் நானே போவதாகவும் அவர் வண்டிக்கு இனிமேல் பஞ்சர் இலவசம் என்றும் பேசி முடித்துவிட்டேன். ஒரே ஒரு சிக்கல். சித்ரலேகா அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்பை முடித்துவிடுவாள். சின்னவன் ஒண்ணாம் வகுப்புக்கு வர அதற்குப் பிறகும் ஒரு வருஷம் ஆகும். நடுவில் வேலை போய்விடும். அஞ்சாம் வகுப்பை இரண்டு வருஷம் படிக்க ஏதாவது வழி உண்டா என்று உங்கள் ஆபீசில் விசாரித்துச் சொல்லுங்கள். பிள்ளை நன்றாகப் படிக்கிறாள், எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இன்னொன்று. வீட்டுக்கு வந்ததிலிருந்து உங்கள் தங்கை, "நெசமாவே உப்பு சரியா இருந்துச்சா, இல்ல டீச்சர் முன்னால சொன்னியளா?" என்று சுற்றிச் சுற்றி வந்து கேட்கிறாள். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவள் கேட்டிராத கேள்வி. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் கேட்பதை நிறுத்திவிடுவாள்.