வெற்றுக் கதிரை பொறுக்காத கதிரையர்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், வெற்றுக் கதிரையைக் கண்டால் கோபம் வருகிற மனிதர் ஒருவர்தான் அகப்படுவார். அவர் எங்கள் கதிரையர். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் தெரிந்தவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. நாவற்குடாவில் பந்தலும் பிளாஸ்டிக் கதிரையும் வாடகைக்குக் கொடுக்கிறார். தொலைபேசி எடுத்தால் அவருடைய மனைவியே, "கதிரையர் வெளிய போயிட்டார், மறுகா எடுங்க" என்றுதான் சொல்வார்.

மற்றக் கடைக்காரர்கள் கதிரையை இறக்கிவிட்டுப் போய், விழா முடிந்ததும் வந்து ஏற்றுவார்கள். கதிரையர் இறக்கிய இடத்திலேயே நிற்பார். ஆட்கள் வந்து உட்காருகிறார்களா என்று பார்ப்பார். உட்காராவிட்டால் முகம் இருண்டுவிடும். ஒரு முறை தேவாலயத்துப் பரிசளிப்பு விழாவில் பின்வரிசை காலியாகக் கிடந்தது. கதிரையர் விறுவிறென்று வீதிக்குப் போனார். பஸ்ஸுக்குக் காத்து நின்றவர்களிடம், "பஸ் வரச் சுணங்கும். சும்மா நின்டு கால் நோகாம உள்ள வந்து இரிங்களன்" என்று எல்லோரையும் அழைத்து வந்துவிட்டார். வந்தவர்களில் ஒரு அம்மாவுக்கு ஒழுங்கான வரவுக்கான பரிசும் கிடைத்தது. மேடையில் கூப்பிட்ட பெயர் தன்னுடைய பெயராக இருந்ததால் அவரும் மரியாதையாகப் போய் வாங்கிக்கொண்டார்.

எனக்கும் கதிரையருக்கும் பழக்கம் ஏற்பட்டது மோட்டார் சைக்கிள் பந்தயத்தில். நான் தபால் கந்தோரில் முத்திரை விற்பவன். வருடத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் ஹெல்மெட் போட்ட வீரன். உன்னிச்சைப் பக்கத்தில், வட்டை என்று நாங்கள் சொல்லும் வயல்வெளி ஒன்றில், அறுவடை முடிந்து நிலம் காய்ந்ததும், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி அந்தப் பந்தயம் நடக்கும். வரம்புகளை வெட்டிச் சமப்படுத்தி, வளைந்து வளைந்து ஓடும் ஒரு பாதை போடுவோம். புழுதி வானத்துக்குக் கிளம்பும். வீட்டுக்குப் போனால் மனைவிக்கு என்னை அடையாளம் தெரியாது.

நான் எத்தனையாவதாக வருவேன் என்று கேட்கிறீர்களா? கடைசி. அதில் சந்தேகமே வேண்டாம். என் மோட்டார் சைக்கிளுக்கு மூன்றாவது வளைவைக் கண்டாலே இருமல் வந்துவிடும். ஆனாலும் விடமாட்டேன். கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற என்னை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அந்த ஒரு நாள்தான் நாலு பேர் என்னைப் பார்க்கிற நாள்.

ஒரு காலத்தில் நாலு பேர் அல்ல, நாலு ஊர் பார்த்தது. உழவு மெசின் பெட்டிகளில் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் மருத மரத்தில் ஏறினார்கள். பிறகு கையில் போன் வந்தது. எங்கோ ஒரு தேசத்தில் எவனோ ஓடுகிற பந்தயத்தைப் படுத்துக்கொண்டே பார்க்கலாம் என்றானதும், எங்கள் புழுதியைத் தின்ன யார் வருவார்? கூட்டம் வருடா வருடம் மெலிந்தது. ஐஸ்கிறீம் விற்க வரும் காத்தான்குடி முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அவர்கூட, "இஞ்ச ஆக்களைவிட என்ட பெட்டிக்குள்ள ஐஸ்பழம் கூட இரிக்கி" என்று நொந்துகொண்டார்.

பந்தயக் குழுவின் செயலாளர் ஒரு கணித ஆசிரியர். அவர் கதிரையைக் குறைத்துக் கேட்டார். கதிரையர் லொறி நிறைய ஏற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"இவ்வளவும் என்னத்துக்கு? ஆக்கள் இல்லையே!" என்றார் செயலாளர்.

"கதிரை இல்லாட்டி எங்க வந்து இரிக்கிற, சேர்? முதல்ல கதிரை, மறுகாதான் ஆக்கள்."

ஆட்கள் வரவில்லை. அப்போது கதிரையர் செய்த காரியத்தைக் கண்ணால் கண்டிராவிட்டால் நானும் நம்பமாட்டேன். அவரே ஒவ்வொரு கதிரையாக இருந்து எழும்பத் தொடங்கினார். முன்வரிசையில் இருந்து கணீரென்று ஒரு சத்தம் போடுவார். ஓடிப்போய்ப் பின்வரிசையில் இருந்து கீச்சுக் குரலில் இன்னொன்று. நடுவில் விசில். ஹெல்மெட்டுக்குள் இருந்த எங்களுக்குப் பெருங்கூட்டம் வந்திருப்பதாகவே கேட்டது. பந்தயம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றிப் பார்த்தால், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு மனிதர் நிற்கிறார்.

மற்றவர்கள் கோப்பையை வாங்கிப் படமும் எடுத்து முடிந்த பிறகுதான் நான் முடிவுக் கோட்டைத் தொடுவேன். அப்போதும் கதிரையர் அங்கே நிற்பார், கை தட்டுவார். "கடைசி ஆள் வராம கதிரை அடுக்கிற பழக்கம் நம்மட கடையில இல்ல, மனே" என்பார். மகனே என்பது அவர் வாயில் மனே. அந்த ஒற்றைக் கைதட்டலுக்காகத்தான் நான் அடுத்த வருடமும் போவேன்.

அதற்கடுத்த வருடம் அவர் வீதியில் போன ஒரு கல்யாண வானை மறித்துவிட்டார். உள்ளே மாப்பிள்ளை, தோழன், தட்டில் கூறைச் சேலை. "நல்ல நேரத்துக்கு இன்னும் கிடக்கு. ஒரு சுத்துப் பாத்திட்டுப் போங்க" என்று மாப்பிள்ளையை முன்வரிசையில் இருத்தினார். ஒரு சுற்று மூன்றானது. பெண்ணின் அண்ணன் தேடிக்கொண்டு வந்தார், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "என்ன மச்சான் இது? அங்க தங்கச்சி அழுகுறாள், நீங்க இஞ்ச..." என்று தொடங்கியவர், இரண்டு மோட்டார் சைக்கிள் உரசிக்கொண்டு வளைவைத் தாண்டியதும் பேச்சை நிறுத்தி, "முன்னுக்குப் போறது ஆரு?" என்று கேட்டுக்கொண்டே பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டார். கல்யாணம் நல்லபடி நடந்தது. ஆனால் அந்தப் பெண் இன்றுவரை கதிரையருடன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எத்தனை வானைத்தான் மறிப்பது? போன வருடத்துக்கு முந்தின வருடம் செயலாளர் கூட்டம் போட்டார். வட்டைக்குச் சொந்தக்காரரான போடியார் முடிவாகச் சொல்லிவிட்டாராம்: பார்க்க ஆளில்லாத பந்தயத்துக்குத் தன் வரம்புகளை வெட்ட இனி விடமுடியாது. இந்த முறை கதிரை நிறைந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் இதுவே கடைசி. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தோம். அந்த நாளும் போனால் நான் வருடம் முழுவதும் கண்ணாடிக்குப் பின்னால்தான்.

கதிரையர் பின்னால் நின்று தாடையைச் சொறிந்தார். "சேர், நம்மட சனம் ஏன் வராது தெரியுமா? ஆரோ வெல்லுறான், ஆரோ தோக்கிறான். அவனுக்காகச் சத்தம் போட்டு இவங்களுக்கு என்ன கிடைக்கும்? கொம்பு முறிக்கு மட்டும் ஏன் கிழடு கட்டையெல்லாம் வருது?"

கொம்பு முறியை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணகி அம்மனுக்காக எங்கள் ஊர்களில் நடக்கும் விளையாட்டு அது. ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. இரண்டு பக்கத்து வளைந்த மரக் கொம்பையும் ஒன்றோடொன்று கொளுவி இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோல்வி. பிறகு வென்றவர்கள் தோற்றவர்களை அடிக்கும் நக்கலை ஒரு வருடத்துக்கு மறக்க முடியாது.

"ஓடுறவனையும் சேரி சேரியாப் பிரிங்க. எந்தச் சேரிச் சைக்கிள் வழியில நின்டு போகுதோ, அந்தச் சேரி தோல்வி. தள்ளிக்கிட்டு வந்தாலும் வந்ததுதான். கோட்டுக்கு வராட்டித்தான் முறிஞ்ச மாதிரி" என்றார் கதிரையர்.

"அப்ப முதலாவதா வாறவனுக்கு?" என்றார் செயலாளர்.

"அவனுக்குக் கோப்பையக் குடுங்க, போகட்டும்."

செய்தி ஊர் ஊராகப் பரவியது. முதல் பாதிப்பு என் வீட்டில். கல்யாணம் முடித்த நாளிலிருந்து ஒரு பந்தயத்துக்கும் வராத என் மனைவி, அன்று காலையில் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். என் நெஞ்சு குளிர்ந்தது.

"என்னப் பாக்க வாறியா?"

"நான் தென்சேரி. உங்கட சைக்கிள் நின்டா நாங்க கத்தத்தான் செய்வம். மறுகா கோவிக்கப்படாது" என்றாள்.

நான் வடசேரி. கதிரையரும் தென்சேரிதான்.

அன்று வட்டை கொள்ளாத கூட்டம். வடக்கே ஒரு சேரி, தெற்கே ஒரு சேரி. பந்தயம் தொடங்கும் முன்பே தொண்டை கட்டிவிட்டது சனத்துக்கு. சேரி எதுவும் இல்லாத ஐஸ்கிறீம் நானா நடுவில் நின்று இரண்டு பக்கத்துக்கும் விற்றுத் தீர்த்தார். செட்டிபாளையத்துப் பொடியன் ஒருவன்தான் முதலாவதாக வந்தான். ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு சேரியும் ஒன்றையொன்று பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. பாவம், அவன் கண்டுகொள்வார்கள் என்று இன்னொரு சுற்று ஓடிப் பார்த்தான். அப்போதும் இல்லை.

ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டினார்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள், நான் ஒருவன்தான் பாக்கி. என் சைக்கிள் மூன்றாவது வளைவில் வழக்கம்போல் இருமியது. பிறகு இருமலையும் நிறுத்திவிட்டது.

அப்போது நிமிர்ந்து பார்த்தேன். அத்தனை சனமும் எழுந்து நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசி ஆளை! தென்சேரி, "முறிஞ்சிற்று! முறிஞ்சிற்று!" என்று ஆர்ப்பரித்தது. அதில் என் மனைவியின் குரல் தனியாகக் கேட்டது. வடசேரி கும்பிட்டுக்கொண்டு நின்றது. நான் இறங்கித் தள்ளத் தொடங்கினேன். புழுதிக்குள் சில்லுப் புதைந்தது. விட்டுவிடலாம் என்று கைப்பிடியைத் தளர்த்தினேன்.

தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. முன்வரிசையிலிருந்தும் பின்வரிசையிலிருந்தும் கத்திப் பழகிய அதே குரல். "தள்ளு மனே! விடாதே! தள்ளு!"

தென்சேரிக்காரர்கள் திரும்பிப் பாய்ந்தார்கள். "கதிரையர், உங்களுக்கு விசரா? நீங்க எந்தச் சேரி?"

"தென்சேரிதான்! அதுக்கு? என்ட கடைசி ஆள் வரவேணும்!" என்று கத்திக்கொண்டே பாதையோரம் என்னுடன் ஓடிவந்தார். பிடித்து இழுத்தவர்களை உதறினார். ஒரு செருப்பு வழியில் கிடந்தது.

நான் கோட்டைத் தொட்டேன். ஒரு சேரியும் முறியவில்லை, யாரும் தோற்கவில்லை. நக்கலடிக்க ஆளில்லாமல் இரண்டு சேரியும் சேர்ந்து கதிரையரைத் திட்டின. அவர் அதை எங்கே கேட்டார்? சனம் திரும்பவும் உட்கார்ந்ததும் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு கதிரையும் காலி இல்ல, மனே" என்று என் காதில் சொன்னார். கண் கலங்கியிருந்தது. போடியார் அடுத்த வருடத்துக்கும் வட்டையைத் தந்தார்.

நான் இப்போது ஓடுவதில்லை, முழங்கால் விடமாட்டேன் என்கிறது. ஆனால் இந்த வருடம் விடியவே போய் முன்வரிசையில் இடம் பிடித்தேன். பக்கத்துக் கதிரையில், முகம் துடைக்கும் என் லேஞ்சியைப் போட்டு வைத்தேன். கதிரையர் எங்கிருந்தோ அதைக் கண்டுபிடித்து வந்துவிட்டார்.

"என்ன மனே, கதிரையக் காலியா வெச்சிரிக்க? ஆரு வாறது?"

"நீங்கதான். எல்லாரையும் இருத்திப்போட்டு ஒரு பந்தயமாவது முழுசா இருந்து பாத்தீங்களா? இரிங்க."

அந்த நல்ல மனிதருக்கு நன்றி சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் லேஞ்சியை எடுத்து உதறி, மடித்து என் கையில் தந்துவிட்டு இருந்தார். கடைசி ஆள் வரும் வரைக்கும் அவரும் எழும்பவில்லை, நானும் எழும்பவில்லை.