மூத்தவளுக்கு எஃப்.சி.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாத்தியார் காபியை வாயில் வைத்தார். மனைவி குண்டைத் தூக்கிப் போட்டாள்.

“ஏங்க, இந்தத் தடவை உங்க மூத்தவ எஃப்.சி.யில தேறலைன்னா காயலாங்கடைக்குப் போட்டுடப் போறேன். ஆள்கூடப் பார்த்தாச்சு.”

காபி புரையேறிவிட்டது. தலையில் தட்டக்கூட ஆளில்லை. குண்டு போட்டவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மூத்தவள் என்றதும் தப்பாக நினைத்துவிடாதீர்கள். மனிதர் சொக்கத் தங்கம். அது ஒரு பழைய ஜீப். கல்யாணத்துக்கு முன்பே அந்த வீட்டுக்கு வந்துவிட்டதால் மூத்தவள். வாத்தியார் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்துகிறவர். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு மலை. அதன் உச்சி வளைவில் நின்றால் அந்தப் பக்கம் கடல் தெரியுமாம். கல்யாணமான புதிதில் அந்த ஜன்னலருகே நின்று வாக்குக் கொடுத்தார்: “உன்னை அங்க கூட்டிட்டுப் போறேன். முதல்ல எஃப்.சி. முடியட்டும்.”

எஃப்.சி. என்றால், வண்டி ரோட்டில் ஓட லாயக்குதானா என்று ஆய்வாளர் சோதித்துச் சொல்வது. அந்த விஷயத்தில் மூத்தவளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். முதல் முயற்சியில் தேறியதே கிடையாது. ஒரு தடவை கை பிரேக். ஒரு தடவை புகை. இன்னொரு தடவை ஆய்வாளர் கதவைத் திறந்தார், கதவு அவர் கையோடு வந்துவிட்டது. வாத்தியார் அங்கே இங்கே ஒட்டுப்போட்டு மறுசோதனையில் ஒப்பேற்றுவார். மலையேறும் தைரியம் மட்டும் வராது. அதற்குள் அடுத்த எஃப்.சி. வந்துவிடும். மகள் பிறந்தாள், படித்தாள், கல்யாணமாகிப் போயும் விட்டாள். மலை அங்கேயேதான் இருந்தது.

ஆசையும் போகவில்லை. தினம் சாயங்காலம் ஷெட்டில் நிற்கும் ஜீப்பில் ஏறி உட்காருவார். எஞ்சினைக் கிளப்பமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடிப்பார், கியரை மாற்றுவார், மனசுக்குள் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டே இருப்பார். மேல்மூச்சுகூட வாங்கும். சரியாகக் கடைசி வளைவில், “சாப்பிட வர்றீங்களா?” என்று குரல் வரும். கடலைப் பார்க்காமலே இறங்கிவிடுவார்.

அந்த ஜீப்பைக் காயலாங்கடைக்கா? வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இவளுக்குத் தெரியாமல் வண்டியைச் சீராக்கி, முதல் தடவையிலேயே தேற வைத்து, இவள் மூக்கை உடைக்கிறேனா இல்லையா பார் என்று சபதம் போட்டார். மெதுவாகத்தான் போட்டார். அவள் அடுத்த அறையில் இருந்தாள்.

“பள்ளிக்கூடத்துல பசங்களுக்குக் காட்டணுமாம். ஜீப் கொஞ்ச நாள் அங்க நிக்கட்டும்.”

“தாராளமா.”

“எனக்கும் சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ்.”

“எடுங்களேன்.”

இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டியதில்லை. மனுஷன் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டாமா? சந்தோஷத்தில் கோட்டை விட்டார்.

அவள் கடைக்குப் போன நேரம், வாத்தியார் சொல்லிவைத்தபடி வண்டியை எடுத்துப்போக மெக்கானிக் வந்தார். வாத்தியார் சாவியை எடுத்தார். “நீங்க ஓட்டாதீங்க சார், பிரேக்கை நம்ப முடியாது,” என்று மெக்கானிக் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். பட்டறையில் வாத்தியார் தானே வண்டிக்கடியில் படுத்தார். துருவைச் சுரண்டினார். அப்புறம் பார்த்துக்கலாம் என்று இத்தனை வருஷமும் தள்ளிப்போட்ட அத்தனை வேலையையும் கூடவே நின்று முடித்தார்.

“ஸ்பெஷல் கிளாஸ்ல இன்னிக்கு என்ன பாடம்?”

“எரிமலை.”

“அதான் சட்டையெல்லாம் கரியா?”

“கொஞ்சம் கிட்ட நின்னு நடத்திட்டேன்.”

அவளும் சும்மா இருக்கவில்லை. விடிந்ததும் வாக்கிங் போனாள். ராத்திரியில் யாரோடோ போனில் குசுகுசுவென்று பேசினாள். காயலாங்கடைக்காரராகத்தான் இருக்கும். பேசு, பேசு, உனக்கு இருக்கு என்று வாத்தியார் உள்ளுக்குள் கறுவிக்கொண்டார்.

சோதனை நாளும் வந்தது. அன்றைக்கும் மெக்கானிக்தான் ஓட்டிவந்தார். “புது பிரேக் சார், எனக்குத்தான் பழக்கம்.” ஆய்வாளர் சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர். விளக்கைப் போட்டார், வைப்பரைப் போட்டார், கதவைப் பிடித்து உலுக்கினார். கடைசியில் மேட்டில் ஏற்றி நிறுத்தி, கை பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கி நின்றார். வாத்தியார் குனிந்து சக்கரத்தையே பார்த்தார். மூத்தவள் அசையவில்லை.

“தேறிடுச்சு. எடுத்துட்டுப் போங்க.”

வாத்தியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உடைக்கும் ஆசையெல்லாம் போன இடம் தெரியவில்லை. அந்த ஜன்னல்தான் ஞாபகம் வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டே எத்தனை வருஷம் அந்த மலையைப் பார்த்திருப்பாள், பாவம்! நேரே வீட்டுக்குப் போய், கிளம்பு என்று சொல்லிவிட வேண்டும்.

சோதனைத் திடலின் வாசலில் அவளே நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுக் கூடை, தோளில் ஸ்வெட்டர்.

“நீ எங்க இங்க? காயலாங்கடைக்காரர் வந்திருக்காரா?”

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். “போன்ல பேசினது நான்தான் சார். அக்காதான் இந்த யோசனை சொன்னாங்க.”

“சரி பண்ணுங்கன்னு கெஞ்சினப்போ பண்ணுனீங்களா?” என்றாள் அவள். “போடப் போறேன்னதும் வண்டிக்கடியில போய்ப் படுத்துக்கிட்டீங்க.” பிறகு குரல் இறங்கியது. “எனக்கும் அந்தக் கடலைப் பார்க்கணும்னு இருக்காதாங்க?”

தோற்றதுகூட வாத்தியாருக்கு இனித்தது. “ஏறு, இப்பவே போறோம்!” என்று சாவிக்குக் கை நீட்டினார். மெக்கானிக் சாவியை அவள் கையில் கொடுத்தார்.

“உங்க லைசென்ஸை எடுங்க,” என்றாள்.

எடுத்தார். படத்தில் தலை நிறைய முடி. தேதியைப் பார்த்தார். காலாவதியாகி வருஷக்கணக்காகியிருந்தது. வண்டியின் எஃப்.சி. தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர், தன் தேதியை ஒருநாளும் பார்த்ததில்லை. ஷெட்டுக்குள்ளேயே மலையேறுகிறவருக்கு லைசென்ஸ் எதற்கு?

“அதனாலதான் உங்களை ஓட்ட விடாதேன்னு தம்பிகிட்ட சொல்லிவச்சேன்.” அவள் கைப்பையிலிருந்து புத்தம்புது லைசென்ஸ் ஒன்றை எடுத்தாள். “தினம் காலையில நான் நடந்தேன்னா நினைச்சீங்க?”

கூடையை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். மலைப்பாதை வந்தது. வளைவுக்கு வளைவு அவர் கை தானாக எழுந்து காற்றை ஒடித்தது. மூத்தவள் இளையவள் சொன்னபடி திரும்பினாள். கடைசி வளைவு வந்தது. இந்த இடத்தில்தான் எப்போதும் சாப்பிடக் கூப்பிடுவாள். இன்று கூப்பிடவில்லை. கடல் தெரிந்தது.

அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். வாத்தியார்தான் மெல்ல ஆரம்பித்தார்.

“இறங்கும்போது கொஞ்ச தூரம் நான் ஓட்டட்டுமா?”

அவள் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஓட்டலாமே. முதல்ல உங்க எஃப்.சி. முடியட்டும்.”