சுப்புராஜ் திறந்த கதவு

கிட்டே வாங்க கண்ணுகளா, பாயில் இன்னும் இடம் இருக்கிறது. மலையாளக்கரை மட்டாஞ்சேரியில் சுப்புராஜ் வீடு வாங்கிப் பால் காய்ச்சப் போன கதையைச் சொல்கிறேன்.

சாவி திரும்பவில்லை. கதை அங்கேதான் ஆரம்பம்.

கோவில்பட்டியிலிருந்து மிளகாய் வத்தல் கொண்டுவந்து விற்கிறவர் சுப்புராஜ். ஒரே கூரையின் கீழ் ஒட்டிப் பிறந்தாற்போல் நின்ற இரண்டு வீடுகளில் ஒன்றை வாங்கியிருந்தார். கொட்டும் மழையில், குடைக்குள்ளிருந்து ஒரே ஒரு தடவை பார்த்த வீடு. மனைவி மாயம்மாள் இன்றுதான் பார்க்கிறாள். இடுப்பில் ஸ்டவ், கையில் பால் செம்பு. நல்ல நேரம் போவதற்குள் பால் பொங்கியாக வேண்டும்.

"வெள்ளையடிச்சுத் தாரேன்னாரே வித்தவரு. எங்க?"

"ஏமாத்திட்டான். விடு, நானே அடிச்சுக்கிடுதேன்."

"பூட்டுக்காவது ஆளக் கூப்பிடுங்க."

"நம்ம வீட்டுல நம்ம கைதான் படணும்" என்று சுப்புராஜ் பூட்டில் தேங்காயெண்ணெய் ஊற்றினார். பிறகு குறடால் சாவியைப் பிடித்து முறுக்கினார். பாதிச் சாவி கையோடு வந்தது. மீதி பூட்டுக்குள் தங்கிவிட்டது.

எதிர்ச் சாயாக்கடையில் கூட்டம். அங்கிருந்தே கடைக்காரன் அனில் கையை ஆட்டினான். "அண்ணாச்சி, அப்புறத்தா."

"என்னங்க சொல்றாரு?"

"அப்புறமாத் தொறக்கணுமாம். ராகுகாலம் பாக்கிற ஆளு போல."

சுப்புராஜுக்கு மலையாளம் அத்துப்படி. நம் தமிழையே கொஞ்சம் மூக்கால் பேசினால் அதுதான் மலையாளம் என்பார்.

"அப்புறமெல்லாம் கிடையாது சேட்டா, இப்பவே" என்று பதில் கொடுத்துவிட்டுக் கடப்பாரையால் நெம்பினார். கதவு நிலையோடு பெயர்ந்து, உள்ளே போய்க் குழாயின் மேல் சாய்ந்தது. பீய்ச்சிய தண்ணீர் மாயம்மாளின் பட்டுச்சேலையை நனைத்தது.

"வால்வு எங்க சேட்டா?"

"வால்வும் அப்புறத்தா."

"வீடு மிதக்குது, இந்தாளு அப்புறம்ங்கான்."

கையில் கிடைத்த குச்சியைச் சீவி, குழாயின் வாயில் வைத்து, சுத்தியலால் ஓங்கி அடித்தார். குழாய் அடைபட்டது. சுவர் திறந்துகொண்டது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஓட்டை. தேங்கிய தண்ணீர் அந்த வழியாக அடுத்த வீட்டுக்கு நிதானமாகக் குடிபோனது.

இருவரும் குனிந்து பார்த்தார்கள். அந்தப் பக்கம் பால்போல் வெள்ளையடித்த சுவர். கழுவித் துடைத்த தரை. அதன்மேல் செங்கல் பொடியும் சேற்றுத் தண்ணீரும்.

மாயம்மாள் பெருமூச்சு விட்டாள். "வீடுன்னா அது வீடு. அத வாங்கத் துப்பில்ல. வாங்கினவன் வீட்டையும் பாழாக்கியாச்சு."

சுப்புராஜ் இரண்டு கையாலும் ஓட்டையை மறைத்தார். "அவன் வந்து கேட்டா என்னடி சொல்லுவேன்?"

"முதல்ல பாலக் காய்ச்சுவோம். நல்ல நேரம் போகுது."

விழுந்த கதவின்மேல் ஸ்டவ்வை வைத்தாள். பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. இருவரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். திறந்தபோது, கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்த அனில், பெயர்ந்த நிலையைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தபடி நின்றான்.

"வாங்க சேட்டா, புது வீட்டுப் பாலு" என்று மாயம்மாள் தம்ளரை நீட்டினாள்.

அவன் வாங்கவில்லை. ஓட்டை வழியே விரலை நீட்டிச் சொன்னான்:

"நான் முதல்லேருந்து பறையுன்னதல்லே அண்ணாச்சி? இது ஆலுவாக்காரர் ஒருத்தர் பூட்டிப்போன வீடு. நிங்கட வீடு அந்தப் பக்கம், அப்புறத்தா."

உங்கள் வீட்டுச் சாவி உங்கள் வீட்டுப் பூட்டிலேயே திரும்பட்டும் கண்ணுகளா. பொங்குகிற பால் உங்கள் அடுப்பிலேயே பொங்கட்டும்.