வரவேற்பறையில் ஒரு போர்தோ

ஒரு சொட்டுகூடக் குடிக்காமல் ஒயின் பைத்தியம் பிடித்தவர் கனடாவிலேயே ஒருவர்தான். கோட்-டெ-நெய்ஜ் பேட்டையில் என்னோடு ஒரே அபார்ட்மென்டில் குடியிருந்தார். அது என் அதிர்ஷ்டமா, ஜாதகக் கோளாறா என்று இந்த 1970கள் முடியப்போகும் நேரத்திலும் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கூட்டத்தில் அவருக்குப் பெயர் 'சரளை சார்'. மெட்ராஸ்காரர். பல்கலைக்கழகத்தில் மண் பொறியியல் ஆராய்ச்சி. பிரான்சிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் போர்தோ என்ற ஊரின் சரளை மண்ணைப் பற்றிப் பேசிவிட்டு, அந்த மண்ணில் விளைந்த வெள்ளை ஒயினை எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தார். சுத்த சைவமான நம்மவர் கிளாஸை மூக்குவரைதான் கொண்டுபோனார். அத்தோடு போச்சு.

"டேய், நார்த்தங்கா வாசனைடா! துளி இனிப்பு கிடையாதாம். கல்லுலேர்ந்து எப்படிடா இது வருது?"

அன்றிலிருந்து ஞாயிறு காலைதோறும் ஒரு பாட்டில் திறப்பார். ஆறு கிளாஸில் ஊற்றி, பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் முகர்ந்து, நோட்டில் எழுதி, மத்தியானம் சிங்க்கில் கொட்டிவிடுவார். நான் துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி பக்கத்தில் நிற்பேன்.

"சொவின்யோன் திராட்சை, ரசத்துல பிழியற எலுமிச்சம்பழம். செமியோன், மேல விடற நெய். ரெண்டும் சேரணும்டா!"

முகர்ந்தது போதாமல் ஒருநாள் தொட்டியோடு ஒரு திராட்சைக் கொடி வந்தது. கீழ் வீட்டு இத்தாலியர் கொடுத்தது. "என்ன ஜாதி சார்?" என்றேன். "சூழ்நிலையைச் சரியாக் குடுத்தா எல்லாம் தானாக் கத்துக்கும்" என்றார்.

கொடுத்தார். பஸ்ஸில் இரண்டு வாளி சரளை வந்து இறங்கியது. போர்தோ பக்கத்து அட்லாண்டிக் கடலுக்காக ஹீட்டர் மேல் ஈரத் துண்டுகள். கடல்காற்றுக்கு டேபிள் ஃபேன். வெளியே உறைபனி, உள்ளே நான் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பரீட்சைக்குப் படித்தேன். ஜனவரியில், ஊரார் பண்டிகை முடிந்து தெருவோரம் எறிந்த கிறிஸ்மஸ் மரங்களில் மூன்றைத் தோளில் சுமந்து மூன்றாம் மாடிக்கு ஏற்றினார்.

"இது எதுக்கு சார்?"

"கடல்காத்து நேரா அடிச்சா கொடி தாங்காது. அங்க மேக்கால பைன் காடு தடுக்குது."

"காத்து நம்ம ஃபேன்லேர்ந்துதானே வருது? ஸ்பீடைக் குறைச்சாப் போதாதா?"

"அது சயின்ஸ் இல்லடா."

இந்த லட்சணத்தில் காதல் வேறு. பத்மா, ஆஸ்பத்திரி டாக்டர். அவருக்கும் சாரைப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அண்ணா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அண்ணா பியர்பொன்ட்ஸ் புறநகரில் சொந்த வீடு வாங்கிய இன்ஜினியர். குடிக்கிறவன் உட்கார்ந்த நாற்காலியைக்கூடத் துடைத்துவிட்டு உட்காருகிறவர்.

அவர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிறு காலை வந்து நின்றார். பின்னால் பத்மா. எதிரே காய்ந்த மரங்கள், ஈரத் துண்டுகள், சுற்றும் ஃபேன், திறந்த பாட்டில், ஆறு கிளாஸ். ஆறாவதுக்குள் சாரின் மூக்கு.

"குடிப்பீங்களா?"

"இல்ல சார். மோந்து பார்ப்பேன்."

பத்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அண்ணா திரும்பிப் போக அடி எடுத்து வைத்தவர், கால் வாளியில் இடித்து நின்றார்.

"இந்தக் கல்லெல்லாம் என்னத்துக்கு?"

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். சார் பாடம் எடுத்தார். "கொடிக்குக் கால் ஈரமா இருக்கக்கூடாது சார். சரளைல தண்ணி நிக்காது, விறுவிறுன்னு இறங்கிடும். வேர் அதைத் தேடி ஆழமாப் போகும். பகல் சூட்டையும் கல்லு பிடிச்சு வச்சுக்கும். இதே களிமண்ணா இருந்தா தண்ணி அங்கயே குந்திக்கும்."

அண்ணா மெதுவாக சோபாவில் உட்கார்ந்தார். துடைக்கவில்லை.

"எங்க வீடு களிமண்ணுதான். பனி உருகினா பேஸ்மென்ட்ல முழங்கால் தண்ணி."

"சுவரைச் சுத்திப் பள்ளம் தோண்டி, அடியில ஓட்டை போட்ட குழாய் வச்சு, மேல சரளை கொட்டணும் சார். உங்க வீட்டை ஒரு திராட்சைக் கொடியா நினைச்சுக்கோங்க."

அண்ணா எழுந்து கோட்டை மாட்டினார். "கோடைல வந்து தோண்டுங்க. அடுத்த ஏப்ரல்ல பேஸ்மென்ட் காஞ்சிருந்தா மத்ததைப் பேசலாம்."

உலகச் சரித்திரத்தில் ஒரு கல்யாணம் பேஸ்மென்டை நம்பி நின்றது அதுதான் முதல் தடவை. கோடை முழுக்கத் தோண்டினோம். பத்மா மோர் கொண்டுவருவார். அண்ணா டேப் வைத்துப் பள்ளத்தை அளப்பார். அடுத்து வந்த குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்த்தது. ஒவ்வொரு முறையும் சார் ஜன்னலில் வெளிறிப்போய் நின்று, "இன்னும் எவ்வளவுடா பெய்யும்?" என்று என்னைக் கேட்பார், ஏதோ நான் வரவழைத்த மாதிரி. கொடி எப்போதோ செத்துப்போயிருந்தது. அவர் கவனிக்கவே இல்லை.

ஏப்ரலில் தெருவெல்லாம் ஆறாக ஓடிய ஒரு காலையில் ஃபோன் அடித்தது. எடுத்தேன். அண்ணா.

"மாப்பிள்ளை இருக்காரா? பேஸ்மென்ட்ல வெறுங்காலோட நிக்கறேன்னு சொல்லு. தூசி பறக்குது!"

அடுத்த மாதம் கல்யாணம். சாருடைய பெரிய அறை எனக்கு வந்தது. இரண்டு வருஷமாக நான் கண் வைத்திருந்த அறை. ஒரு வாரம் அதற்குள் போய்ப் படுக்க எனக்கு மனசே வரவில்லை.