கறுப்பு இன்ஜின், சிவப்புச் சக்கரம்

தஞ்சாவூர்ப் பக்கம் சட்டையில் எதையாவது குத்திக்கொண்டு போனால் அது அழகுக்கு என்று ஒருவரும் நம்ப மாட்டார்கள். எந்தக் கட்சி என்றுதான் கேட்பார்கள். இது தெரியாத வயதில் நான் பெண் பார்க்கப் போனேன். (தெரிகிற வயதில் யாரும் போவதில்லை.)

ஏற்கெனவே சில வீடுகளில் பஜ்ஜியோடு திருப்பி அனுப்பப்பட்டவன் நான். மன்னார்குடிப் பக்கத்து இந்த இடமும் தட்டிப்போனால் அப்பா என்னைச் சாமியாராகவே அறிவித்துவிடுவார். ஆகவே கொஞ்சம் எடுப்பாகத் தெரியட்டும் என்று, ரயில் பேட்ஜுகள் சேர்க்கும் என் மாமாவிடம் கெஞ்சி ஒன்றை வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டேன். நூறு வருஷத்துக்கு முன் ஓடிய நீராவி இன்ஜின். கறுப்பு உடம்பு, சிவப்புச் சக்கரம், இடையில் சுருண்டு போகும் வெள்ளைப் புகை.

பெண்ணின் அப்பா ஒரு கட்சி. அவருடைய தம்பி, அதிலிருந்து பிரிந்த கட்சி. கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இருவர் கண்ணும் என் பேட்ஜில் நின்றன.

“கறுப்பு, சிவப்பு. நம்ம ஆளுதான்” என்றார் பெண்ணின் அப்பா.

“நடுவுல வெள்ளை இருக்குண்ணே. நல்லாப் பாருங்க” என்றார் தம்பி.

“அது புகைங்க” என்றேன்.

“புகைச்சல் இல்லாம யாரு புதுக் கட்சி ஆரம்பிக்கிறா?” என்றார் பெண்ணின் அப்பா. என்னிடம் திரும்பி, “தலைவரு யாரு தம்பி?” என்று கேட்டார்.

பேட்ஜைக் கொடுத்தவரைக் கேட்கிறாராக்கும் என்று நினைத்து, “எங்க மாமாதாங்க” என்றேன்.

“குடும்பத்துக்குள்ளயே வச்சிருக்கீங்க. அப்ப கட்சி நிலைக்கும்” என்றார் தம்பி. அண்ணனும் ஆமோதித்தார். (கட்சி பிரிந்த பிறகு அவர்கள் ஒத்துப்போனது அப்போதுதானாம்.)

அந்த நேரம் பார்த்து, பெண்ணின் அப்பாவுடைய வயலில் வேலை செய்யும் விவசாயத் தொழிலாளர்கள் வாசலில் வந்து நின்றார்கள். அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டித் தரச் சொல்லி, அறுப்புக்கு இறங்காமல் இருந்தவர்கள். நல்ல காரியம் பேசும் வீட்டில் ‘இல்லை’ என்ற சொல் வரக் கூடாது. அது தெரிந்துதான் அன்றைக்கு வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பாவும் லேசுப்பட்டவர் இல்லை. ‘ஆகட்டும்’ என்றும் சொல்லாமல் மழையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

அவர்களுக்குத் தலைமை தாங்கி வந்த அஞ்சம்மாள் என் சட்டையைப் பார்த்தார். “புதுக் கட்சிங்களா? அரை மரக்கா கூட்டிக் கேக்குறோம். உங்க கட்சி என்னங்க சொல்லுது?”

சரியாக அப்போது பெண் காபியோடு வந்தாள். “பொண்ணு பிடிச்சிருக்காடா?” என்று அம்மா என் காதில் கேட்டாள். எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. வாய் நிறையக் கேசரி இருந்ததால் பலமாகத் தலையாட்டினேன்.

“மாப்பிள்ளையே சரின்னுட்டாரு. காலையில அறுப்புக்கு இறங்கிடுறோம்ங்க” என்று கும்பிட்டுவிட்டு, அஞ்சம்மாள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ‘அவர் மாப்பிள்ளை இல்லை’ என்று சொல்லித் தடுத்திருக்கலாம். அதிலும் ஒரு ‘இல்லை’ இருந்தது.

இந்த இடமும் போயிற்று என்று நான் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நெல்லு போனது போயிடுச்சு. மாப்பிள்ளையாவது மிஞ்சட்டும். தட்டை மாத்துங்க” என்றார்.

அந்தக் கூடுதல் நெல்லுக்கு அவர்கள் ஊரில் ‘மாப்பிள்ளை மரக்கால்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் என் மனைவி இதைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. “எல்லா வீட்லயும் மாப்பிள்ளைக்குத்தான் சீர் செய்வாங்க. எங்கப்பா இவரால வருஷா வருஷம் ஊருக்கே செஞ்சாரு.”