சின்ன அறைக்கு நடந்த யுத்தம்

தொண்ணூற்றி நாலாம் ஆண்டு, வைகாசி மாசம், ஒரு சனிக்கிழமை. கலியாணம் கட்டின மூண்டு வருசத்தில ஒரு தரமாவது மனுசியை வெல்லுறது எண்டு நான் முடிவெடுத்த நாள். அந்த முடிவை எடுத்திருக்கக் கூடாது. எடுத்தாலும் பேசாமல் வீட்டில கிடந்திருக்க வேணும். இப்ப சொல்லி என்ன பிரயோசனம்?

எங்கட வீடு லண்டனில, பிளேஸ்டோவில. மேல ரெண்டு அறை. பெரிய அறை எங்களுக்கு. சின்ன அறை எனக்கு. அதுக்குள்ள ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு ரேடியோ, எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்தின்ர பன்னிரண்டு பைல். நான் சங்கத்தின்ர செயலாளர். வேலையில ஒருத்தரும் என்னை மதிக்கிறேல்லை, வீட்டில கேக்கவே வேண்டாம். அந்த அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினாத்தான் நான் ஒரு மனிசன்.

அந்த அறையைத்தான் சிவமலர் கேட்டா. தனக்கில்லை, தன்ர அக்கா செல்வமலருக்கு. அக்கா யாழ்ப்பாணத்தில இருந்து வந்து மூண்டு மாசம். லண்டனிலயே மிச்சம் எண்ட இடத்தில ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில, ஹோலில, சோபா செற்றியில படுக்கிறா. வீட்டுக்காரர் ரீவி பாத்து முடியுமட்டும் அவவுக்குக் கால் நீட்ட ஏலாது.

"ஊரின்ர பேரே மிச்சம். அக்காவும் அங்க மிச்சம் மீதியாய்க் கிடக்கிறா. கூட்டிக்கொண்டு வருவமே?"

"வரட்டும். ஆர் வேண்டாம் எண்டது? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு."

"சாப்பிட இல்லையப்பா. இருக்க."

"எங்க இருக்கிறது?"

"உங்கட அறையில."

"அது அறையில்லை. ஆபிஸ்."

"ஆபிஸில ஆரப்பா குறட்டை விடுறது?"

"அது நான் யோசிக்கிற சத்தம்."

ஒவ்வொரு கிழமையும் இதே கதை. ஒவ்வொரு கிழமையும் நான் "பாப்பம்" எண்டன். அந்த ஒரு சொல்லை வைச்சு மூண்டு மாசம் ஓட்டினன். இப்ப நினைக்க என்ர நாக்கிலயே எனக்குக் கோபம் வருது.

அப்பதான் பக்கத்து வீட்டுச் செபமாலைமுத்து அண்ணை மதிலுக்கு மேலால தலையை நீட்டினார். பழைய வான் ஒண்டு வைச்சு ஆக்களுக்குச் சாமான் ஏத்தி இறக்கிறவர். நல்ல மனிசன் எண்டு நான் நம்பினனான்.

"தம்பி பாலேந்திரா, வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் நிலத்துக்குக் கீழ ஒரு பங்கர் இருக்கு, பாத்தனீரோ? இரண்டாம் உலக யுத்தத்தில பிரதமரும் தளபதிமாரும் இருந்து கட்டளை போட்ட இடம். அப்பிடியே வைச்சிருக்கிறாங்கள். அதுக்குள்ள பிரதமருக்கெண்டு தனி அறை. மனுசியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுமன்."

எனக்கு மூளையில லைற் எரிஞ்சுது. உலக யுத்தம் நடத்தினவருக்கே தனி அறை வேணுமெண்டா, சங்கம் நடத்திறவனுக்கு வேண்டாமோ?

சனிக்கிழமையில சிவமலரைக் கடைக்குக் கூட வெளிக்கிடுத்த ஏலாது. அண்டைக்குக் கேட்ட உடன, "ஓம், போவம். ஆறுதலாப் போய் ஆறுதலா வருவம்" எண்டா. எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேணும். வரேல்லை. வென்றிட்டன் எண்ட நினைப்பில நான் சப்பாத்துக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டிருந்தன்.

டிஸ்ரிக்ற் லைனில ஏறி நேர போய் இறங்கினம். வாசலில, அந்த இடத்தின்ர கதையைக் காதில வைச்சுக் கேக்கிற மெசின் ஒண்டு தந்தாங்கள். சிவமலர் ரெண்டு நிமிசம் கேட்டிட்டுத் திருப்பிக் குடுத்தா.

"ஏன்?"

"ஓயாமல் கதைக்குது. வீட்டிலயும் ஒண்டு இருக்குத்தானே."

படியால இறங்க இறங்க அவ சுவரைத் தட்டிப் பாத்தா. கூரையை அண்ணாந்து பாத்தா. வீடு வாங்க வந்த ஆள் தோத்துப்போகும்.

"இதுவோ பங்கர்?"

"பின்ன?"

"நல்ல வெளிச்சமாயிருக்கு. தண்ணியும் நிக்கேல்லை. பாம்பு வாறதில்லையோ?"

"லண்டனில ஏது பாம்பு?"

"எங்கட வளவில வெட்டின பங்கருக்குள்ள மாரியில முழங்கால் மட்டும் தண்ணி நிக்கும். ரெண்டு தரம் பாம்பு வந்தது. நாங்கள் கலைக்கேல்லை. அதுக்கும் பயம்தானே, பாவம்."

நான் எண்பத்திரெண்டில லண்டனுக்கு வந்தவன். பங்கர் எண்டதைப் படத்தில மட்டும் பாத்தவன். எண்டாலும் விடேல்லை. லைபிரரியில ஒரு கிழமை படிச்சதெல்லாம் எடுத்து விட்டன். இது வரைபட அறை, இது ஊசி குத்தின ஓட்டை, இது தளபதிமாரின்ர ரெலிபோன். அவ எல்லாத்துக்கும் "ஓம், ஓம்" எண்டு கொண்டு கையில மணிக்கூட்டைப் பாத்தா. கடைசியா பிரதமரின்ர அறை வந்துது. நான் தொண்டையைச் செருமினன்.

"பாரும் சிவமலர். எவ்வளவு பெரிய மனிசன். எவ்வளவு பிரச்சினை. எண்டாலும் தனக்கெண்டு ஒரு அறை வைச்சிருந்திருக்கிறார். பொறுப்பில இருக்கிறவைக்கு அது கட்டாயம் வேணும்."

"ஓமப்பா. அதுக்குள்ள கட்டிலும் கிடக்கு."

"அது... களைச்சா சரியிறதுக்கு."

"இவ்வளவு சின்ன அறைக்குள்ள மேசையும் வைச்சுக் கட்டிலும் போடலாம். நானும் அதைத்தான் மூண்டு மாசமாச் சொல்லுறன்."

காசு குடுத்துக் கூட்டிக்கொண்டு வந்து அவவுக்கு நானே சாட்சி சொன்ன மாதிரிப் போச்சுது. மறுமொழி யோசிச்சுக்கொண்டு அடுத்த அறைக்குள்ள காலை வைச்சன்.

அங்க ஸ்பீக்கரில பிளேன் வாற சத்தம் போட்டிருந்தாங்கள். பிறகு குண்டு விழுற சத்தம்.

அடுத்த நிமிசம் என்ர நெத்தி நிலத்தில. பிடரியில ஒரு கை அமத்திக்கொண்டு கிடக்குது. சிவமலர் எனக்குப் பக்கத்தில சுவரோட ஒட்டிக் குந்திக்கொண்டிருந்தா. கண் ரெண்டையும் இறுக்கி மூடியிருந்தா. வெள்ளைக்காரர் எங்களைச் சுத்தி விலகிப் போச்சினம். சத்தம் நிண்ட உடன எழும்பி என்ர கோட்டைத் தட்டிவிட்டா.

"பழகிப்போச்சு. நொந்ததோ?"

"இல்லை."

நொந்ததுதான். அவவுக்குச் சொல்ல மனம் வரேல்லை. அங்கால ஒரு நீள மர வாங்கில போய் இருந்தம்.

"உங்கட பங்கருக்குள்ள எத்தினை பேர்?"

"ஒன்பது பேர். பக்கத்து வீட்டுச் சனமும் வரும்."

"நீர் எங்க இருப்பீர்?"

"ஆக உள்ளுக்கு. அக்காதான் எப்பவும் வாசலோட இருப்பா."

"ஏன், அவவுக்குக் காத்து வேணுமாமோ?"

இதைக் கேட்ட வாயைத் தைச்சிருக்க வேணும். சிவமலர் என்னைப் பாத்தா. கோபத்தோட பாத்திருந்தாத் தாங்கியிருப்பன். சின்னப்பிள்ளைக்குச் சொல்லுற மாதிரித்தான் சொன்னா.

"குண்டுச் சிதறல் வந்தா வாசலில இருக்கிறவைக்குத்தான் முதல் படும். அதுக்குத்தான். ஒரு நாள் தோளில பட்டது. அந்தப் பக்கம் சரிச்சுப் படுக்க இப்பவும் அவவுக்கு ஏலாது."

மூண்டு வருசம் ஒரே வீட்டில இருந்தும் நான் இதைக் கேட்டதில்லை. தொண்ணூறில, அதுகள் தண்ணிக்குள்ள பாம்போட இருந்த நேரம், நான் இஞ்ச என்ன செய்தன்? சங்கத்தின்ர வருடாந்த விருந்துக்கு ஆட்டிறைச்சி ரோலோ மீன் ரோலோ எண்டு தீர்மானிக்க ரெண்டு கூட்டம் வைச்சனான். கூட்டக் குறிப்பு எழுதி நாலாம் பைலில போட்டனான். அந்தப் பைல் கால் நீட்டிப் படுக்கத்தான் இப்ப ஒரு அறை. அந்தத் தோளுக்குச் செற்றி. எனக்கு வெக்கமாப் போச்சுது. அந்த வாங்கிலயே அறையைக் குடுக்கிறது எண்டு தீர்மானிச்சிட்டன்.

அப்பவே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லேல்லை. செயலாளர் எல்லோ! ரெயினில வைச்சு முறையா அறிவிப்பம் எண்டு இருந்திட்டன்.

"இன்னொருக்காச் சுத்திப் பாப்பமேயப்பா?" எண்டு சிவமலர் திரும்பவும் மணிக்கூட்டைப் பாத்தா. பாவம், பழைய ஞாபகத்தில கேக்கிறா எண்டு நினைச்சு முழுக்க இன்னொரு தரம் சுத்தினன்.

ரெயின் வெளிக்கிட்ட பிறகு தொடங்கினன்.

"சிவமலர், நான் ஒரு முடிவெடுத்திருக்கிறன்."

"சொல்லுங்கோ."

"அக்கா வந்து என்ர அறையில இருக்கட்டும். நாளைக்கு நானே போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. கண் கலங்கியிருந்தது. அதை நான் என்ர வெற்றி எண்டு எடுத்துக்கொண்டன்.

"மெய்யாத்தான் சொல்லுறியளோ?"

"மெய்யா."

"மூண்டு மாசத்துக்கு முதல் சொல்லியிருந்தா எவ்வளவு நல்லாயிருந்திருக்கும், அப்பா."

"அதுக்கென்ன, இப்ப சொல்லிட்டன்தானே" எண்டன் பெரிய மனிசன் மாதிரி.

வீட்டு வாசலில செபமாலைமுத்து அண்ணையின்ர வான் நிண்டுது. அண்ணை எங்கட வீட்டுக்குள்ளால கையைத் துடைச்சுக்கொண்டு வந்து, "பங்கர் எப்பிடித் தம்பி?" எண்டு கேட்டுப்போட்டு, என்ர முகத்தைப் பாக்காமல் தன்ர வீட்டுக்குள்ள போயிட்டார். அவருக்குப் பின்னால எங்கட வாசலுக்கு வந்தது செல்வமலர் அக்கா.

"வாங்கோ தம்பி, களைச்சுப்போய் வாறியள். தேத்தண்ணி போட்டிருக்கிறன்."

பூட்டின கதவு எப்பிடித் திறந்தது எண்டு நான் கேக்க முதல், அக்கா என்ர கையைப் பிடிச்சா.

"மலர் எல்லாம் சொன்னவ. நான் வந்து இறங்கின அண்டே நீங்கள் உங்கட அறையை ஒழிச்சு வைச்சிட்டு, அக்காவைக் கூட்டிவா, கூட்டிவா எண்டு கரைச்சல் குடுத்தனீங்களாம். பெயின்ற் அடிக்க வேணும் எண்டு தான்தான் மறிச்சதாம். இந்தக் காலத்தில ஆர் தம்பி இப்பிடிச் செய்வினம்?"

நான் சிவமலரைப் பாத்தன். அவ குனிஞ்சு சப்பாத்துக் கழட்டிக்கொண்டிருந்தா. மூண்டு மாசமா நான் பாப்பம், பாப்பம் எண்ட நேரமெல்லாம், அவ மிச்சத்துக்கு ரெலிபோன் எடுத்து என்ர மானத்தைக் காப்பாத்தியிருக்கிறா. வேளைக்கு ஒரு "ஓம்" சொல்லியிருந்தா அக்கா சொன்னதெல்லாம் உண்மையா இருந்திருக்கும்.

"ஓம் அக்கா" எண்டன். அதுவும் பொய்.

அக்கா குசினிக்குள்ள போன பிறகு, மெல்லக் கேட்டன்.

"என்ர பைல்?"

"படிக்குக் கீழ இருக்கிற அலுமாரிக்குள்ள."

"அதுக்குள்ள காஸ் மீற்றர் எல்லோ இருக்கு?"

"அதுக்குப் பக்கத்தில இடம் இருக்கு. ரேடியோவும் வைச்சிருக்கு."

"மேசை, கதிரை?"

"கொள்ளாது. ஒரு பலகை போட்டிருக்கு."

போய் அந்தச் சின்னக் கதவைத் திறந்தன். பின்னால சிவமலரின்ர குரல் கேட்டுது.

"குனிஞ்சு போங்கோப்பா, தலை இடிக்கும்."