பெரியவருக்கு வைத்த தேத்தண்ணி

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவனுக்குத் தேநீரைப் பற்றி எல்லாம் தெரியும் என்பது தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் மட்டுமே நம்பும் விஷயம். இருபத்திரண்டு வயதில் நான் அதை மிகவும் நம்பினேன்.

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், தேத்தண்ணிக்கு ஒரே சட்டம்தான். வீட்டுக்கு வந்தவருக்கு முதல் தம்ளர். டின்பால் ஊற்றி, கரண்டி நிற்கும் அளவுக்குச் சீனி போட்டுக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் பகை. (என் பெரியப்பா வயிற்றுவலி என்று ஒரு வீட்டில் மறுக்கப்போய், பேசி முடித்த சம்பந்தமே நின்றுவிட்டது.) உலகம் முழுவதும் இதுதான் நடைமுறை என்று நினைத்திருந்தேன்.

எழுபதுகளின் கடைசியில், கேமரன் மலையின் திரிங்காப்பில் ஒரு சீனர் காய்கறித் தோட்டத்தில் முட்டைக்கோஸ் மூட்டைகளை லோரியில் ஏற்றும் வேலை பார்த்தேன். முதலாளி மகன் ஆ செங் என் வயதுக்காரன். எங்களோடு சேர்ந்து மூட்டை தூக்கியே தமிழ் கற்றவன். அவன் தமிழில் பாதி கெட்ட வார்த்தை. அவன் கல்யாணத்துக்குக் காலையிலேயே வரச் சொன்னான். என் அம்மா கல்யாணப் பெண்ணுக்குக் கொடுக்க ஒரு பொட்டலம் தேயிலைத் தூள் கட்டிக் கொடுத்தார். புது சிலுவாரும் சட்டையும் மாட்டிக்கொண்டு போனேன்.

ஆ செங்கின் அம்மா என்னைப் பார்த்ததும் மலாய் மொழியில் உட்காரச் சொல்லிக் கையை நீட்டினார். அவர் காட்டியது வாசல் பக்கம் கிடந்த முக்காலிகளை. நான் பார்த்தது கூடத்தின் நடுவில் சிவப்புத் துணி போட்டிருந்த பெரிய நாற்காலியை. உட்கார்ந்தேன். அந்த நேரம் பட்டாசு வெடித்தது. பெண்ணின் கார் வந்துவிட்டதென்று எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். கூடத்தில் நான் மட்டும் மகாராஜாவாக இருந்தேன்.

பெண் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தாள். ஆ செங்கைக் கூட்டாளிகள் வாசலில் மறித்துக் கேலி செய்துகொண்டிருந்தார்கள். அவள் தரையை விட்டுப் பார்வையை எடுக்காமல் நேரே வந்து, என் முன்னால் மண்டியிட்டாள். நாற்காலிக்குப் பக்கத்தில் தயாராக வைத்திருந்த ஒரு சின்னக் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து உயர்த்தி ஏதோ சொன்னாள். அதில் எனக்குப் புரிந்தது ‘தே’ மட்டும்தான்.

விருந்தாளிக்கு மண்டிபோட்டா தேத்தண்ணி கொடுக்கிறார்கள்! சீனர்களின் உபசாரத்தை நினைத்து நெகிழ்ந்துபோனேன். மறுத்தால் பகை ஆயிற்றே. வாங்கி ஒரு மடக்குக் குடித்தேன். பாலே இல்லை. உள்ளே ஏதோ சிவப்புப் பழம் மிதந்தது. வாய் சும்மா இருந்திருக்கலாம். பால் இல்லையா என்று மலாயில் கேட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். எண்பது வயதுச் சீனக் கிழவரை எதிர்பார்த்த கண்கள், மீசை வைத்த ஒரு தமிழனைப் பார்த்தன. வாசலிலிருந்து திரும்பிய கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. உள்ளறைக் கதவருகே, புதுக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு, ஆ செங்கின் தாத்தா நின்றிருந்தார்.

ஆ செங் என் காதருகே குனிந்தான். “மணி, அது எங்க தாத்தா நாற்காலிடா. மொத தே அவருக்கு. அவரு குடிச்சாதான் அவ இந்த வூட்டு மருமக.”

இந்த இடத்தில் பூமி பிளந்திருக்க வேண்டும். கேமரன் மலையில் மழைக்காலத்தில் சாலையெல்லாம் பிளக்கும். எனக்கு வேண்டியபோது பிளக்கவில்லை. அதனால் நானே பேசித் தொலைத்தேன்.

“பாதிதான் குடிச்சேன் லா. மிச்சத்த தாத்தாவுக்குக் குடுத்துரலாம்.”

சொன்னதோடு விடவில்லை. கோப்பையின் விளிம்பைச் சட்டை நுனியால் துடைக்கவும் செய்தேன். ஆ செங்கின் அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். பெண்ணின் கண்ணீர் சிவப்புப் பாவாடையில் சொட்டியது. மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். இந்த இடம் வந்தால் இன்றும் குரல் இறங்கிவிடுகிறது.

தாத்தா மெதுவாக வந்தார். முதல் தேநீர் குடிப்பவர் பெண்ணை வாழ்த்தி ஏதாவது கொடுக்க வேண்டும், குடித்துவிட்டாய், முறையை முடி என்று மலாயில் சொன்னார். என்னிடம் இருந்தது அம்மாவின் பொட்டலம் ஒன்றுதான். அதை நீட்டி, “நல்லா இருங்கம்மா” என்றேன். பிறகு அவர் என் தோளைப் பிடித்து எழுப்பி, தான் உட்கார்ந்தார். புதுக் கோப்பை வந்தது. அவர் குடித்தார். அப்புறம்தான் அந்த வீடு மூச்சு விட்டது.

நான் சாப்பிடாமல் நழுவினேன். ஆ செங்கின் அம்மா வெகுகாலம் என்னோடு பேசவில்லை. முட்டைக்கோஸைத் தவிர யார் முகத்தையும் நான் பார்க்கவில்லை.

பெண் மன்னித்துவிட்டாள், தன் வழியில். முதல் தேநீர் வாங்கியவன் தாத்தாதானே என்று, பிள்ளைகள் பிறந்ததும் என்னை அப்படியே கூப்பிடப் பழக்கினாள். தமிழ் வார்த்தையை எடுத்துக் கொடுத்தது ஆ செங்.

முப்பதை எட்டும் முன் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டாரை அழைத்துவரத் தானா ராத்தா பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன். அவர்கள் இறங்கிய நேரம் பார்த்து, ஆ செங்கின் இரண்டு பிள்ளைகளும் எங்கிருந்தோ ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, “தாத்தா” என்றார்கள்.

பெண்ணின் அப்பா பிள்ளைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஒங்களுக்கு இதான் மொதக் கல்யாணம்னு தரகர் சொன்னாரு.”

நான் விளக்க வாய் திறப்பதற்குள் பின்னாலேயே ஆ செங் வந்து, எல்லாவற்றையும் நடித்தே காட்டினான், கோப்பையைத் துடைத்தது உட்பட. என்ன துணிச்சலோ, அதன் பிறகும் அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டாள்.

இன்றும் மாமனார் வீட்டில் தேத்தண்ணித் தட்டு வந்தால் மச்சான்மார் யாரும் கை நீட்ட மாட்டார்கள். எண்பதைத் தாண்டிய மாமனார் தட்டை என் பக்கம் திருப்பிவிட்டு, கொஞ்சமும் சிரிக்காமல் சொல்வார்:

“பெரியவரு மொத எடுக்கட்டும்.”